படிப்போடு ஒரு கைத்தொழில்: கூத்துக் கிரீடம் கற்பித்த பாடம்

செய்யாறு வட்டாரத்தில் பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சில முகங்கள் குறையும். பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டார். "இனிக் கூத்துப் பக்கம் போகக் கூடாது" என்று கண்டித்தேன். மறுநாளிலிருந்து அவர் பள்ளிக்கே வரவில்லை.

நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். "நான் ஆடப் போகல சார். கிரீடத்துக்குக் கண்ணாடி ஒட்டப் போறேன்" என்றார். அவரையே அழைத்துக்கொண்டு கூத்து வாத்தியாரைப் பார்க்கச் சென்றேன்.

திண்ணையில் ஒரு தொழிற்கூடம்

வாத்தியார் வீட்டுத் திண்ணையில் கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் பழுதுபார்க்கக் கிடந்தன. கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் இவற்றைச் செதுக்குகிறார்கள். இரவெல்லாம் சுழன்று ஆடுபவருக்குக் கனம் ஆகாது. கண்ணாடித் துண்டுகள் விளக்கொளியை வாங்கித் தொலைவில் இருப்பவருக்கும் வேடத்தை எடுத்துக் காட்டும். பீமனின் கதாயுதத்தைக் காகிதக் கூழிலும் செய்யலாம். ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்ததை ஒட்ட வேண்டும்.

மூவரும் பேசி முடிவு செய்தோம். சனி, ஞாயிறு பகலில் மட்டும் வேலை. இரவு ஆட்டத்துக்குப் போவதில்லை. உளி வேலை பெரியவர் பார்வையில் மட்டுமே. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் சேர்க்கும் மயில்துத்தம் நச்சு என்பதால் அதை வாத்தியாரே கலப்பார். செய்த வேலைக்குக் கூலி உண்டு. 14 முதல் 18 வயது வரையுள்ளவரை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்தச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் எடுத்துச் சொன்னேன். "பள்ளிக்கூடம் கெடாம அனுப்புங்க சார், அது போதும்" என்றார் வாத்தியார்.

பணிக் குறிப்பேடு

நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டும். பொருள், அளவு, செலவு, ஆன நேரம், நேர்ந்த தவறு.

அவர் தனியாகச் செய்த முதல் கிரீடம் தலையில் இறங்கவில்லை. ஆட்டக்காரரின் வெறுந்தலையை அளந்திருந்தார்; சுற்றளவு 54 செ.மீ. தலைத்துணி கட்டிய பின் அது 60 செ.மீ. ஆகிவிட்டது. மறுநாள் அந்தக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போட்டோம். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம் 17.2 செ.மீ.க்குப் பதில் 19.1 செ.மீ. வேண்டும். வட்டத்தின் சுற்றளவு எதற்கு என்று அதன்பின் யாரும் கேட்கவில்லை. தவறை அவரே சக மாணவர்களுக்கு விளக்கினார். நான் திட்டியபோது தலை குனிந்து நின்ற அதே மாணவர்தான்.

நாம் செய்யக்கூடியவை

1. வருகைப் பதிவில் ஒரு மாணவர் குறைந்தால், கண்டிக்கும் முன் எங்கே போகிறார் என்று நேரில் பார்க்கலாம்.
2. வேலை நேரம், பாதுகாப்பு, கூலி மூன்றையும் பெற்றோர் முன்னிலையில் பேசி முடிக்கலாம்.
3. குறிப்பேட்டை மாதம் ஒருமுறை படித்துக் கையொப்பமிடலாம்.
4. பள்ளி விழா நாடகத்துக்கான பொருள்களைக் கடையில் வாங்காமல் இம்மாணவர்களிடம் ஒப்படைக்கலாம்.
5. மேற்படிப்பு வழியையும் காட்டலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கல்வி உண்டு. புது தில்லி தேசிய நாடகப் பள்ளி மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அரங்கப் பொருள் செய்த அனுபவமும் அதற்குச் சான்றான குறிப்பேடும் அங்கே உதவும்.

அந்த மாணவர் மேல்நிலை முடித்து இப்போது கல்லூரியில் படிக்கிறார். விடுமுறையில் திண்ணைக்குப் போகிறார். அன்று நான் சொன்னதை அப்படியே கேட்டிருந்தால் அவர் கைத்தொழிலை இழந்திருப்பார். கேட்காமல் போயிருந்தால் படிப்பை இழந்திருப்பார். இரண்டும் சேர்ந்து நிற்க ஒரு குறிப்பேடும் வார இறுதி இரண்டு நாள்களும் போதுமாக இருந்தன.