சிசேரியனுக்குப் பிறகு: நோவை விழுங்காதீர்கள்

சுவிசில் மூன்று பிரசவங்களில் ஏறக்குறைய ஒன்று சிசேரியன். எங்கள் பெண்கள் பலர் வெட்டுக்காய நோவைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறார்கள். அமைதியாகக் கிடந்தால், நோ இல்லையென்றே தாதி நினைப்பார்.

நோ எவ்வளவு என்று 0 முதல் 10 வரை கேட்பார்கள். 10 என்றால் தாங்கவே ஏலாதது. படுத்திருக்கும்போது 3, எழும்பும்போதும் இருமும்போதும் 7 என்றால் இரண்டையும் சொல்லுங்கள். நடக்கவும் பிள்ளையைத் தூக்கவும் முடிகிறதா என்பதுதான் முக்கியம்.

முதுகில் போட்ட ஊசியில் மோர்பீன் சேர்த்திருந்தால் அதன் பலன் ஒரு நாள் வரை நிற்கலாம். அது குறையும் முன்பே அடுத்த மருந்தைப் பற்றிக் கேளுங்கள். பரசிட்டமோல், இபுபுரோஃபன் இரண்டும் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். பால் கொடுக்கத் தடையில்லை. நேரத்துக்கு எடுத்தால் நோ முற்றாது. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். மாமி கொண்டுவரும் சரக்குக்கறியைச் சாப்பிடுங்கள், ஆனால் அது நோவுக்கு மருந்தல்ல!

டொச் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், தொலைபேசியிலும் கிடைப்பார். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

நோ திடீரெனக் கூடினால், காய்ச்சல் வந்தால், காயம் சிவந்து கசிந்தால், ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே மணியை அழுத்துங்கள். வீடு திரும்பியதும் மருத்துவிச்சி வந்து காயத்தைப் பார்ப்பார். சிசேரியன் என்றால் முதல் 56 நாட்களில் 16 வருகைகள் வரை அடிப்படைக் காப்புறுதி கொடுக்கும்.