மணி எதைக் கேட்டு உட்காருகிறது?

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டு நாய் மணிக்கு ஒன்றரை வயது. பிஸ்கட் கொடுத்துக் கொடுத்து, ‘உட்கார்’ என்றால் உட்காரப் பழக்கினேன். சமையலறை வாசலில் நான் சொன்னால் டக்கென்று உட்காரும். மகள் சொன்னால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். தெருவில் நான் சொன்னாலும் கேட்பதில்லை. வேண்டுமென்றே அடம்பிடிக்கிறதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அடமே இல்லை அம்மா, திட்டாதீர்கள். பிஸ்கட் கிடைத்தபோதெல்லாம் ‘உட்கார்’ என்ற சொல் மட்டுமா இருந்தது? நீங்கள் லேசாகக் குனிந்திருப்பீர்கள், கை டப்பா பக்கம் போயிருக்கும். சமையலறை வாசலும் உங்கள் குரலும் கூடவே இருந்தன. இவற்றில் எது மணியின் நடத்தையைப் பிடித்துக்கொண்டது என்பது சோதித்தால்தான் தெரியும். இப்படி ஒரு தூண்டல் நடத்தையைப் பிடித்துக்கொள்வதை உளவியலில் தூண்டல் கட்டுப்பாடு என்கிறோம்.

1961-இல் ரெனால்ட்ஸ் என்ற உளவியலாளர் இரண்டு புறாக்களைப் பழக்கினார். சிவப்புப் பின்னணியில் வெள்ளை முக்கோணம் தெரியும்போது கொத்தினால் தீனி உண்டு. பச்சைப் பின்னணியில் வெள்ளை வட்டம் தெரிந்தால் எத்தனை கொத்தினாலும் கிடையாது. இரண்டுமே சரியாகக் கற்றுக்கொண்டன. பிறகு நிறங்களையும் வடிவங்களையும் பிரித்துத் தனித்தனியாகக் காட்டினார். ஒரு புறா சிவப்பைக் கொத்தியது, முக்கோணத்தைச் சட்டையே செய்யவில்லை. மற்றது முக்கோணத்தைக் கொத்தியது, சிவப்பைக் கண்டுகொள்ளவில்லை. ஒரே பயிற்சி, ஒரே தீனி. பிடித்துக்கொண்டது மட்டும் வேறு வேறு. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பரிசோதனை இதுதான்.

பெர்லினில் கணக்குப் போட்டதாகப் பேர் வாங்கிய ஹான்ஸ் குதிரையின் கதையும் இதுவே. கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை என்று அதைச் சோதித்த ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டார். குளம்பால் சரியான எண்ணைத் தட்டி முடித்ததும், கேட்பவரின் தலை அவரை அறியாமலே துளி நிமிரும். அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் நிறுத்தியது.

நீங்களும் சோதியுங்கள். மணிக்கு முதுகைக் காட்டி, கையை அசைக்காமல் ‘உட்கார்’ என்று சொல்லுங்கள். இன்னொரு சமயம் வாயைத் திறக்காமல், வழக்கமான கையசைவை மட்டும் செய்யுங்கள். இரண்டாவதற்கு மட்டும் உட்கார்ந்தால், மணி படித்தது உங்கள் கையைத்தான்.

அப்படியானால் இனி சொல் முன்னே வரட்டும். ஓரிரு நொடி கழித்துக் கையசைவு. இரண்டும் ஒன்றாக வந்தால், கையை ஏற்கனவே நம்பும் நாய் சொல்லைப் பொருட்படுத்தாது. கை வரும் முன்பே உட்காரத் தொடங்கியதும் கையசைவை விட்டுவிடலாம்.

இன்னொன்று, எப்போதும் இருக்கும் தூண்டலுக்குப் பிடிமானம் வராது. 1960-இல் ஜென்கின்ஸும் ஹாரிசனும் 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓயாமல் ஒலிக்கவிட்டுச் சில புறாக்களைப் பழக்கினார்கள். அவை பின்னர் எந்தச் சுருதிக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி கொத்தின. ஒலி கேட்டால் தீனி, கேட்காவிட்டால் இல்லை என்று பழகியவையோ 1000 ஹெர்ட்ஸுக்கே அதிகம் கொத்தின. ஆகவே சொன்னபின் உட்கார்ந்தால் மட்டும் பிஸ்கட்; தானாக வந்து உட்கார்ந்து பார்த்தால் தராதீர்கள். ‘உட்கார், உட்கார்’ என்று அடுக்கவும் வேண்டாம்.

மகளும் இதே முறையில் தன் கையாலேயே பிஸ்கட் கொடுத்துப் பழக்கட்டும். இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள்: கூடம், மொட்டை மாடி, வாசல். தெருவுக்கு அதன்பிறகு போகலாம், அதுவும் முதலில் ஆள் நடமாட்டமில்லாத விடியற்காலையில்.