மாடி அறையை மாணவர்களுக்கு விடப் போகிறீர்களா?

பீளமேடு, காட்டாங்குளத்தூர் மாதிரி கல்லூரிகள் சூழ்ந்த பகுதிகளில் மாடி அறைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை. அட்மிஷன் சமயத்தில் கேட்டில் 'டு லெட்' போர்டு மாட்டினால் போதும். சிக்கலெல்லாம் அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான். அதிலும் பெரும்பாலும் கரன்ட் பில்லில்.

வீட்டு மீட்டருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப் படிகளுக்கும் ரேட் ஏறிவிடும். மாடி ஏசி ராத்திரிக்கு 6 யூனிட் இழுத்தாலே இரண்டு மாதத்துக்கு 360. ஆகவே, "கரன்ட் சேர்த்துத்தான் வாடகை" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். சப் மீட்டர் ஒன்று மாட்டுங்கள். மாதம் முதல் தேதி ரீடிங்கைப் படம் எடுத்து அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு கூடாது என்று சொல்லிப் பயனில்லை. கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். 16 ஆம்ப் பிளக் ஒன்று வைத்துக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

'11 மாதத்துக்குப் போட்டால் பதிய வேண்டாம்' என்பது பழைய கணக்கு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம்; அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் அதைப் பதியவும் வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. முதலாண்டுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் 17 வயதுதான் இருக்கும். 18 நிரம்பாதவர் போடும் கையெழுத்து செல்லாது. அப்பா, அம்மா யாராவது ஒருவர் பெயரில் எழுதுங்கள். ஆதார் நகலோடு காவல் நிலையத்திலும் விவரம் கொடுத்துவிடுங்கள். நாலைந்து பெண் பிள்ளைகளைச் சேர்த்து, சாப்பாடும் போட்டு ஹாஸ்டல் போல நடத்தும் எண்ணமிருந்தால் கதை வேறு. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனால் வாடகை உண்டா? யாரும் முதலில் பேசாத விஷயம் இது. பெட்டி படுக்கை அறையில் இருந்தால் வாடகை கேட்பது நியாயம்தான். ஆனால் தண்ணீர், மெயின்டனன்ஸ் பணத்தை அந்த மாதம் விட்டுவிடுங்கள். அடுத்த வருஷ ஆளை அவர்களே கூட்டிவருவார்கள்.

கேட் சாவி ஒன்றை அவர்கள் கையில் கொடுங்கள். லேப் முடிந்து வர நேரமாகும், தேர்வு சமயத்தில் விடிய விடிய விளக்கு எரியும். பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டியே ஆக வேண்டும் என்பவர்கள், அந்த அறையை ஒரு சின்னக் குடும்பத்துக்கு விட்டுவிடுங்கள்.