மணிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்காதீர்கள்

கேள்வி: கோவையில் பம்ப்பும் வார்ப்பட உதிரிபாகங்களும் செய்யும் குழுமம் எங்களுடையது. பழைய ஹாக்கர் 800எக்ஸ்பி ஜெட் ஒன்று சொந்தமாக இருக்கிறது. இரண்டு விமானிகள், ஒரு இன்ஜினீயர், நிர்வாகத்துக்கு நான். எங்கள் விமானப் பிரிவு மொத்தமும் இவ்வளவுதான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சென்னை அல்லது ஹைதராபாத், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை மும்பை, எப்போதாவது டெல்லி. மூன்று நான்கு பேருக்கு மேல் ஏறுவது அபூர்வம். எரிபொருள் பில்லைப் பார்த்தாலே முதலாளிக்குக் கோபம் வருகிறது. நல்ல மைலேஜ் தரும் விமானம் எது, ஐயா?

– கோவை வாசகர்

பதில்: விற்பனையாளர்கள் மணிக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கைத்தான் நீட்டுவார்கள். அதை ஒதுக்கி வையுங்கள். ஜெட் ஒரு மணி நேரத்தில் போகும் தூரமும் டர்போபிராப் போகும் தூரமும் ஒன்றல்ல. ஒரு பயணத்துக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். அதுவும் நீங்கள் அதிகம் போகும் பயணத்துக்கு. டெல்லியை நினைத்து விமானம் வாங்குவது, வருஷத்துக்கு இரண்டு முறை வரும் சம்பந்திக்காகப் பத்து அறை வீடு கட்டுகிற கதை.

கோவையிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர். ஜெட் சிக்கனமாகப் பறப்பது 40,000 அடியை ஒட்டிய உயரத்தில். இந்தத் தூரத்தில் அவ்வளவு மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். ஏறும்போதுதான் இன்ஜின் அதிகம் குடிக்கும். உங்கள் ஹாக்கர் ஒரு நடைக்கு 900 லிட்டரை நெருங்கும். ஃபீனம் 300 போன்ற புதிய சிறு ஜெட் என்றால் 550 லிட்டர் அளவில் முடியும். இரட்டை இன்ஜின் டர்போபிராப்பான கிங் ஏர் 350 சுமார் 400 லிட்டர் கேட்கும். ஒற்றை இன்ஜின் பிலாட்டஸ் பிசி-12க்கு 250 முதல் 280 லிட்டர் போதும். எல்லாம் தோராயம்தான், காற்றும் சுமையும் கொஞ்சம் மாற்றும், வரிசையை மாற்றாது. ப்ரொப்பெல்லர் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறது. குறைந்த வேகத்தில் அதுதான் சிக்கனம்.

நேரம்? சென்னைக்கு ஜெட்டைவிட பிசி-12 பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகும். மீனம்பாக்கத்திலிருந்து கிண்டியைத் தாண்டுவதற்குள் காரிலேயே அதைவிட அதிகம் போய்விடும். 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மும்பைக்கு முக்கால் மணி அளவுக்குக் கூடும். டெல்லிக்கு நான்கு மணி நேரத்தை ஒட்டி உட்கார வேண்டும். அந்த ஒரு பயணத்துக்கு ஏர்லைன் டிக்கெட்டோ வாடகை ஜெட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொழிலுக்கு இன்னொன்றும் உண்டு. பிசி-12இன் பின்புறம் பெரிய சரக்குக் கதவு இருக்கிறது. நாலைந்து இருக்கைகளைக் கழற்றினால் பம்ப்பையே ஏற்றிக்கொண்டு போகலாம். புதுச்சேரி போன்ற 1,500 மீட்டர் ஓடுபாதையும் அதற்குத் தாராளம். இன்ஜின் ஓவர்ஹால் செலவும் ஒன்றுக்குத்தான். புதிய என்ஜிஎக்ஸ் ரகத்தில் அது 5,000 மணி நேரத்துக்கு ஒருமுறை. கிங் ஏர் 350இல் 3,600 மணிக்கு ஒருமுறை, அதுவும் இரண்டு இன்ஜினுக்கு.

ஒற்றை இன்ஜின் என்றதும் போர்டில் புருவம் உயரும். நியாயமான கேள்விதான். பிசி-12இல் இருக்கும் பிடி6 இன்ஜின் நம்பகத்துக்குப் பெயர் பெற்றது. 28,000 அடியில் அது நின்றுபோனாலும் பிசி-12 நூறு கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிப் போகும். ஆனால் மழைக்கால இரவில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேலே அந்த நூறு கிலோமீட்டர் உங்களை எங்கே சேர்க்கும் என்று உங்கள் விமானிகளிடம் நேர்மையான பதிலைக் கேளுங்கள். மும்பைக்கு இரவுப் பயணம் அதிகம் என்றால் நான் கிங் ஏர் பக்கம் சாய்வேன். அப்போதும் 350 தேவையில்லை. நாலு பேருக்கு அதைவிடச் சிறிய 260 போதும். பகல் பயணமே பெரும்பாலும் என்றால் பிசி-12தான். முன்பணம் கட்டும் முன், ஒற்றை இன்ஜினுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி என்ன நிபந்தனை போடுகிறது, உங்கள் வகை அனுமதிக்கு டிஜிசிஏ விதி என்ன சொல்கிறது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னொரு பழைய ஜெட்டைப் பார்க்க மட்டும் போகாதீர்கள். வாங்கும்போது மிச்சமாவதை அது பெட்ரோல் பங்க்கில் கறந்துவிடும்.

விமானத்தை மாற்றாமலே குறைக்கக்கூடியது ஒன்றும் இருக்கிறது. மும்பையில் நிறுத்த இடம் கிடைக்காமல், முதலாளியை இறக்கிவிட்டு வேறு ஊருக்குக் காலியாகப் பறந்துபோய் நிற்கிறீர்களா? அப்படியானால் புதிய விமானம் மிச்சப்படுத்துவதில் ஒரு பங்கு அங்கேயே கரைகிறது. நிரப்பும் ஊரையும் கவனியுங்கள். விமான எரிபொருளான ஏடிஎஃப் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. வாட் வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விலை குறைந்த ஊரில் நிரப்பிக்கொள்வது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கூடுதல் எடையைத் தூக்கவும் எரிபொருள் செலவாகும், அதையும் கழித்துப் பாருங்கள்.

போன வருஷத்து ஜர்னி லாக் புக்கை எடுத்து ஒவ்வொரு நடைக்கும் தூரம், ஏறியவர்கள், நிரப்பிய லிட்டர் மூன்றையும் எக்செலில் ஏற்றுங்கள். காலிப் பயணங்களைச் சிவப்பில் குறியுங்கள். மொத்தம் 200 மணி நேரத்துக்குக் கீழே வந்தால், எந்த விமானம் என்ற கேள்வியை விட்டுவிட்டு வாடகை விமானக் கம்பெனிகளிடம் விலைப்புள்ளி கேளுங்கள். அவ்வளவு குறைவாகப் பறக்கும்போது, எரிபொருளைவிட விமானிகள் சம்பளம், சிமுலேட்டர் பயிற்சி, ஹேங்கர், இன்ஷூரன்ஸ், வட்டி ஆகியவைதான் உங்களைத் தின்னும்.