044 ஏன் 36 ஆயிற்று?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் லாரிகளின் இரைச்சல் நள்ளிரவிலும் ஓயாத படப்பையில் குடியிருந்துகொண்டு, மும்பையில் ஏதோ ஒரு டேட்டா சென்டரில் ஓடுகின்ற குபர்நெட்டீஸ் கிளஸ்டரைப் பராமரிப்பது என் ஜீவனோபாயம். இந்தத் தொழிலில் கற்றுக்கொண்டவற்றுள் மிகவும் பிரயோஜனமானது எது என்று யாரேனும் கேட்டால், கிளஸ்டருக்கு எதையும் அனுப்புமுன் ‘ஹெல்ம் டெம்ப்ளேட்’ என்ற கட்டளையை நம் லேப்டாப்பிலேயே ஓட்டி, அது கொடுக்கிற யாமலை ஆற அமர வாசித்துவிடும் பழக்கமே என்று தயங்காமல் சொல்வேன். ஐப்பசி பிறந்து மழை வலுத்துவிட்டால் இந்தப் பக்கத்தில் பிராட்பேண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். அப்படிப்பட்ட இரவுகளிலும் தடையின்றி நடக்கக்கூடிய வேலை இது ஒன்றுதான். சார்ட் (ஹெல்மின் பேக்கேஜுக்கு அதுவே பெயர்) சார்ந்திருக்கும் துணைச் சார்ட்டுகளை ‘ஹெல்ம் டிபெண்டென்சி பில்ட்’ என்று சொல்லி முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவே நிபந்தனை.

ஹெல்மின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குபர்நெட்டீஸுக்கு ஒரு பேக்கேஜ் மேனேஜராக 2015-இல் டெய்ஸ் என்ற நிறுவனத்தில் அது பிறந்தது. இரண்டாம் பதிப்பில், டில்லர் என்றொரு துணை நிரல் கிளஸ்டருக்குள் உட்கார்ந்துகொண்டு, நாம் அனுப்பும் டெம்ப்ளேட்டுகளையும் வேல்யூஸ் கோப்பையும் அங்கேயே சேர்த்து யாமலாக்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கொடுக்க வேண்டியிருந்த விசாலமான அதிகாரம் பாதுகாப்பில் அக்கறையுள்ளவர்களை வெகுவாகச் சங்கடப்படுத்திற்று. 2019 நவம்பரில் வெளியான மூன்றாம் பதிப்பு டில்லரை அடியோடு நீக்கிவிடவே, டெம்ப்ளேட்டை யாமலாக்கும் காரியம் முழுவதும் நம் கணினிக்கே வந்து சேர்ந்தது. ஆகவே, அச்சுக்கோத்தவர் பக்கத்தை இயந்திரத்தில் ஏற்றுமுன் ஒரு மெய்ப்புப் படி எடுத்துப் பார்ப்பதுபோல, நாமும் அந்த யாமலை எடுத்துப் பார்ப்பதற்கு இனி எந்த முகாந்திரத்தைக் கொண்டும் சோம்பல் பாராட்ட இடமில்லை.

மணிமங்கலத்திலிருந்து வந்து என்னிடம் வேலை பழகும் ஓர் இளைஞர், வாடிக்கையாளருக்குத் தொலைபேசி அழைப்பு அனுப்பும் ஒரு சேவைக்காகச் சார்ட் எழுதினார். சென்னையின் எஸ்.டி.டி. கோடாகிய 044 என்பதை வேல்யூஸ் கோப்பில் மேற்கோள் குறியில்லாமல் எழுதி, டெம்ப்ளேட்டில் அதை ஓர் என்விரான்மென்ட் வேரியபிளாக வைத்து, அங்கே மேற்கோள் போடும் ‘கோட்’ என்னும் ஃபங்ஷனையும் ஜாக்கிரதையாகச் சேர்த்திருந்தார். ரெண்டர் செய்து பார்த்தால், 044 இருக்கவேண்டிய இடத்தில், அழகாக இரட்டை மேற்கோளுக்குள், 36 என்று நின்றது.

“டெம்ப்ளேட்லதான் கோட் போட்டிருக்கேனே சார், அப்புறம் எப்படி 36 வருது?” என்றார் அவர்.

கேள்வி நியாயமானதுதான். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டின் அடிமானத்தில் எழுதிய எண்ணாகக் கொள்வது பழைய யாமல் விதி. நாலெட்டு முப்பத்திரண்டு, அதனோடு நாலு சேர்ந்தால் முப்பத்தாறு. மதுரையின் 0452 இந்தக் கணக்கில் 298 ஆகும்; கோயம்புத்தூரின் 0422, 274 ஆகும். வேல்யூஸ் கோப்பை வாசிக்கிற கணத்திலேயே இந்த ரூபாந்தரம் நிகழ்ந்துவிடுவதால், அதற்குப் பிற்பாடு டெம்ப்ளேட்டில் போடுகிற மேற்கோள் 36-க்குத்தான் போய்ச் சேருமேயொழிய, இழந்த பூஜ்யத்தைத் திருப்பிக் கொண்டுவராது. இதில் விபரீதம் என்னவென்றால், என்விரான்மென்ட் வேரியபிளின் மதிப்பு ஸ்ட்ரிங்காக இருக்கவேண்டும் என்பதொன்றையே கிளஸ்டர் கவனிக்கிறது; மேற்கோளுக்குள் இருக்கும் 36 ஸ்ட்ரிங்தானே என்று அது மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். பாட் ஓடும், பச்சை விளக்கும் எரியும், அழைப்பு மாத்திரம் போகாது.

சரி, வேல்யூஸ் கோப்பில் மேற்கோள் போட்டுவிட்டு, டெம்ப்ளேட்டில் ‘கோட்’டை எடுத்துவிட்டால் என்ன என்று அவர் அடுத்தபடி முயன்று பார்த்தார். இப்போது ரெண்டர் ஆன யாமலில் 044 என்றே வந்தது. கண்ணுக்கு அது சரியாகவே தெரியும். ஆனால் மேற்கோளில்லாத அந்த 044-ஐ அடுத்து வாசிப்பவரும் ஒரு யாமல் வாசிப்பாளரே ஆதலால், அவரும் அதை 36 என்ற எண்ணாக்கிவிட, ஸ்ட்ரிங் வரவேண்டிய இடத்தில் எண் வந்ததென்று கிளஸ்டர் திருப்பி அனுப்பிவிடும். மேற்கோள் இரண்டு இடத்திலும் வேண்டும். இதைக் காட்டிலும் ஏமாற்றுவது ‘செட்’ என்ற ஃப்ளாக். கமாண்ட் லைனில் ‘செட்’ மூலம் 044 என்று கொடுத்தால், பூஜ்யத்தில் தொடங்குவதை ஹெல்ம் எண்ணாக மாற்றாமல் ஸ்ட்ரிங்காகவே விட்டுவிடுகிறது. எனவே ‘செட்’ கொண்டு சோதித்துப் பார்த்தவர் எல்லாம் சரியென்று திருப்தி அடைவார்; கோப்பைக் கொண்டு ஓடும் புரொடக்‌ஷனில் 36 போய் உட்கார்ந்திருக்கும். சோதிக்கும்போது, புரொடக்‌ஷனுக்குப் போகிற அதே வேல்யூஸ் கோப்பைக் கொடுத்தே ரெண்டர் செய்யவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். ரிலீஸின் பெயரும் நேம்ஸ்பேஸும் அப்படியே. பெயர் கொடுக்காவிட்டால் ஹெல்ம் தன்னிச்சையாக ‘ரிலீஸ்-நேம்’ என்று ஒன்றை வைத்துக்கொள்ளும், அதைப் பார்த்துப் புதியவர்கள் கலங்குவார்கள்.

இனி, ‘ஹெல்ம் டெம்ப்ளேட்’ கட்டளை சொல்லாமல் விடுகிற சங்கதிகளுக்கு வருகிறேன். இது கிளஸ்டரை ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. அதுவே இதன் சௌகரியம், அதுவே இதன் குறையும்கூட. கிளஸ்டர் எந்தப் பதிப்பு, அதில் என்னென்ன ஏபிஐக்கள் உண்டு என்பதை விசாரிக்காமல், தன்னுள் பொதிந்த ஒரு பதிப்பை உத்தேசமாகக் கொண்டு அது ரெண்டர் செய்கிறது. ப்ரோமீதியஸுக்குரிய ‘சர்வீஸ் மானிட்டர்’ ஏபிஐ இருந்தால் மட்டும் அந்தப் பகுதியை எழுது என்று நிபந்தனை வைத்த சார்ட்டுகள் அநேகம்; அவற்றை நம் கணினியில் ஓட்டினால் அந்தப் பகுதி சத்தமில்லாமல் மறைந்துபோகும். ‘கியூப்-வெர்ஷன்’, ‘ஏபிஐ-வெர்ஷன்ஸ்’ என்ற இரு ஃப்ளாகுகளையும் கொடுத்து நம் கிளஸ்டரின் லட்சணத்தை நாமே சொல்லிவிட வேண்டும்.

‘லுக்கப்’ என்ற ஃபங்ஷன் இதைவிட அபாயகரமானது. பழைய கடவுச்சொல் கிளஸ்டரில் இருக்கிறதா என்று பார், இருந்தால் அதையே வை, இல்லையேல் புதிதாக உண்டாக்கு என்று சில சார்ட்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன. ‘ஹெல்ம் டெம்ப்ளேட்’ ஓட்டும்போது லுக்கப் வெறுங்கையோடு திரும்பும். ஆகையால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய கடவுச்சொல். படித்துப் பார்க்கிற மட்டும் தோஷமில்லை. அந்த யாமலை அப்படியே கிளஸ்டருக்கு அனுப்பினால், டேட்டாபேஸ் ஒரு கடவுச்சொல்லையும் அப்ளிகேஷன் மற்றொன்றையும் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று அறியாதவைபோல் நிற்கும். ஆர்கோ சிடி உள்ளுக்குள் இதே கட்டளையைத்தான் ஓட்டுகிறது என்பதால், அதை உபயோகிப்பவர்கள் இப்படிப்பட்ட சார்ட்டுகளைத் தேடிக் கண்டுபிடித்து, கடவுச்சொல்லை வெளியிலிருந்து கொடுத்துவிடுவது உத்தமம். கிளஸ்டரைக் கேட்டே ரெண்டர் செய்ய விரும்பினால், ‘டிரை-ரன்’ ஃப்ளாகுக்கு ‘சர்வர்’ என்று மதிப்புக் கொடுக்கும் வழி புதிய பதிப்புகளில் உண்டு.

பிறர் எழுதிய சார்ட்டின் பதிப்பை உயர்த்தும்போது, பழையதை ஒரு கோப்பிலும் புதியதை ஒரு கோப்பிலும் ரெண்டர் செய்து ‘டிஃப்’ போட்டுப் பாருங்கள். வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லாத மாற்றங்கள் அதில் பல்லிளிக்கும். 2021 ஆகஸ்டில் வந்த குபர்நெட்டீஸ் 1.22 இன்க்ரஸின் பழைய பீட்டா ஏபிஐக்களை நீக்கியபோது, எந்தச் சார்ட் இன்னும் பழையதையே எழுதுகிறது என்பதை நான் இந்த வழியாகத்தான் தரம் பிரித்தேன். நூற்றுக்கணக்கான வரிகளில் ஒரு டெம்ப்ளேட்டுக்குரியவற்றை மாத்திரம் காண ‘ஷோ-ஒன்லி’; இண்டென்ட் பிசகி யாமல் உடைந்துபோனாலும் உடைந்தபடியே காண ‘டீபக்’. சிஆர்டிகள் வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும்.

பழகுவதற்குச் சொந்தச் சார்ட் இல்லையே என்ற கவலை வேண்டாம். நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் க்யூஆர் கோடுகளுக்குப் பின்னால் நிற்கும் திக்‌ஷா தளம், 2017-இல் தொடங்கப்பட்டது. அதன் அஸ்திவாரமான சன்பேர்டு, ஓப்பன் சோர்ஸாக வெளியிடப்பட்ட மென்பொருள். அதை நிறுவுவதற்கான ஹெல்ம் சார்ட்டுகள் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி கிடைக்கின்றன. பாடத்துக்கென்று செய்த பொம்மைச் சார்ட்டைவிட இப்படிப்பட்ட பெரிய சார்ட்டில்தான் கண் பழகும் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரெண்டர் ஆன யாமலில் சீக்ரெட் பகுதிகளும் அடங்கியிருக்கும். அவை பேஸ்64-இல் இருப்பதைப் பார்த்து மறைந்திருக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள், ஒரே ஒரு கட்டளையில் அவற்றை யாரும் பிரித்துப் படித்துவிடலாம். சந்தேகம் கேட்பதற்காக அந்தக் கோப்பை வாட்ஸ்ஆப் குழுவில் போடுமுன், தயவுசெய்து அந்தப் பகுதிகளை நீக்கிவிடுங்கள்.