இளம் நாய்களின் இடுப்பு மூட்டுத் தளர்ச்சியும் பராமரிப்பு முறையும்

திருவனந்தபுரம் நகரிலும், அதனைச் சூழ்ந்த நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு முதலிய பகுதிகளிலும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர் முதலிய பெருவகை நாய்களை வீட்டில் வளர்ப்போர் பலர். இத்தகைய வீட்டிற்குச் செல்லும் கள ஊழியரிடம் பின்வரும் முறையீடு கூறப்படுவதாக வைத்துக்கொள்வோம். குட்டிக்கு வயது ஐந்து மாதம்; ஆகாரம் நன்றாக உட்கொள்கிறது; ஆயினும் ஒரு வாரமாகப் படியேற மறுக்கிறது; படுத்து எழும்போது முன்னங்கால்களை ஊன்றிப் பின்பாகத்தை இழுத்துக்கொண்டு எழுகிறது; ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் ஒன்றுசேர்த்து முயலைப் போலத் தாவுகிறது. வீட்டார் இதற்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவே காரணமென்று தாமே முடிவு செய்து, கடையில் கால்சியம் மருந்து வாங்கிப் புகட்டி, தினம் ஒரு முட்டையும் கூடுதலாக அளித்து, வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திருக்கின்றனர்.

அன்பினால் செய்யப்படும் இம்மூன்று காரியங்களும் அக்குட்டிக்குத் தீங்கு விளைவிக்கக் கூடியவை. அவற்றுள் மிகப் பெரிய தீங்கு மூன்றாவது, அதாவது காத்திருத்தல். ஏனெனில் இடுப்பு மூட்டு முழு உருவம் பெறும் காலம் சில மாதங்களே. அக்காலம் கடந்தபின் மூட்டின் வடிவத்தை மருந்தினால் மாற்ற இயலாது.

மூட்டின் அமைப்பு

தொடை எலும்பின் மேல்முனை பந்து போன்றது. அது இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழலுகின்றது. வகுப்பில் இதனை விளக்க ஆசிரியர்க்கு விலையுயர்ந்த மாதிரிகள் வேண்டுவதில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டையும், அதனுள் இறுக்கமாக அமரும் ஒரு ரப்பர்ப் பந்தும் போதும். சிரட்டையைச் சாய்த்தாலும் பந்து எளிதில் வெளியே வராது. அதே பந்தை ஓர் ஆழமற்ற தட்டில் வைத்துச் சாய்த்தால் உருண்டு விளிம்பைத் தாண்டிவிடும். நோயுற்ற நாயின் இடுப்பு இந்தத் தட்டை ஒத்தது.

இக்குறைபாட்டை 1935-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஷ்னெல் என்பவர் முதன்முதலில் விவரித்தார். பின்னர் நடந்த ஆராய்ச்சிகளால் முக்கியமான ஓர் உண்மை புலனாயிற்று. இந்நோய்க்கு ஆளாகும் குட்டிகளும் பிறக்கும்போது ஏறத்தாழ இயல்பான இடுப்புடனேயே பிறக்கின்றன. பிறந்த சில வாரங்களில் மூட்டைப் பிணைக்கும் நார்கள் தளர்கின்றன. பந்து குழியின் நடுவில் அமராமல் விளிம்பை நோக்கி நழுவுகின்றது. அப்பருவத்தில் குழியின் விளிம்பு பெரும்பாலும் மென்மையான குருத்தெலும்பே. ஆகவே அது தேய்ந்து, குழி ஆழமற்றதாக வளர்கின்றது. பந்தும் குழியும் ஒன்றையொன்று அழுத்தியே ஒன்றுக்கொன்று உருவம் கொடுக்கின்றன என்றும், அவ்வழுத்தம் இடம் தவறும்போது இரண்டும் உருக்கெடுகின்றன என்றும் கொள்ளலாம்.

வேதனை இரு பருவங்களில் தோன்றும். ஏறத்தாழ ஐந்து முதல் பன்னிரண்டு மாதம் வரையிலான பருவத்தில் நார்கள் இழுபட்டுக் கிழிவதாலும், விளிம்பில் நுண்ணிய முறிவுகள் ஏற்படுவதாலும் வலி உண்டாகிறது. பின்னர் மூட்டைச் சுற்றிய திசுக்கள் தடித்து இறுகுவதால், பல நாய்கள் ஓராண்டு அல்லது ஒன்றேகால் ஆண்டு வயதில் ஓரளவு நலமாக நடமாடத் தொடங்கும். இதைக் கண்டு நோய் நீங்கியதென வீட்டார் மகிழ்வர். ஆனால் உருக்கெட்ட மூட்டு உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். பிற்காலத்தில் மூட்டு வாதமாக மீண்டும் வெளிப்படும். எனினும் ஆறு மாதத்தில் நொண்டும் குட்டி ஆயுள் முழுவதும் முடமாகவே இருக்கும் என்ற எண்ணமும் தவறானதே. அந்த எண்ணத்தினால் குட்டியைத் தெருவில் விட்டுவிடுவதற்கும், கொன்றுவிடும்படி கோருவதற்கும் நியாயமில்லை.

முதலில் விலக்க வேண்டியவை

பின்னங்கால் தளர்ச்சி யாவும் இடுப்பு நோயல்ல. முழங்காற்சில்லு நழுவுதல், வளரும் நாய்களின் நீள எலும்புகளில் தோன்றும் அழற்சி, உண்ணிகளால் பரவும் காய்ச்சல் ஆகியவையும் இவ்வாறே தோன்றும். வெறும் சோறும் எலும்பற்ற இறைச்சியும் மட்டுமே தின்று வளர்ந்த குட்டியின் எலும்புகள் மெலிந்து, சிறிய இடறலிலும் முறிவதுண்டு.

எல்லாவற்றிற்கும் மேலாக நினைவிலிருத்த வேண்டியது வெறிநோய். அதன் ஊமை வகையில் பின்னங்கால்கள் தள்ளாடுதலும் செயலிழத்தலும் காணப்படும். குட்டியின் குரல் மாறியிருந்தாலோ, உமிழ்நீர் வழிந்தாலோ, கீழ்த்தாடை தொங்கினாலோ, அதன் சுபாவம் திடீரென மாறியிருந்தாலோ, ஊழியர் அதனைத் தொடாது தனிமைப்படுத்தச் செய்து உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் எந்தக் குட்டியின் காலையும் பிடித்து நீட்டிப் பார்ப்பது அறிவுடைமையன்று. நாய்களுடன் பழகும் ஊழியர் தாமும் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி பெற்றிருத்தல் அவசியம்.

கையால் தொடாமலே அறியக்கூடியவை பல உண்டு. குட்டியைப் பின்புறமிருந்து நடக்கவிட்டுப் பார்த்தால் இடுப்பு இருபுறமும் ஆடுவது தெரியும். தொடைத் தசை மெலிந்தும், தோள் அதற்கு மாறாகத் திரண்டும் இருக்கும். எடையை முன்னங்கால்களே சுமப்பதால் விளையும் மாற்றம் இது. மூட்டின் தளர்ச்சியை உறுதி செய்யும் கைச்சோதனை, 1930-களில் மனிதக் குழந்தைகளுக்காக இத்தாலியக் குழந்தை மருத்துவர் ஒர்ட்டோலானி விவரித்த முறையைத் தழுவியது. நாய்க்கு மயக்க மருந்து கொடுத்தபின் மருத்துவரே அதனைச் செய்வார். கள ஊழியர் முயலலாகாது. எக்ஸ்-கதிர்ப் படமும் அவ்வாறே மயக்க நிலையில் எடுக்கப்படுவதே முறை.

காலம் ஏன் முக்கியம்

இடுப்பெலும்பின் கீழ்ப்புறத்தில் இரு பாதிகளும் கூடுமிடத்திலுள்ள வளர்ச்சித் தட்டினை மின்வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் சிறு அறுவை முறை ஒன்று உண்டு. அவ்விடம் வளராது நிற்க, மற்றப் பகுதிகள் வளர்வதால், குழி மெல்லத் திரும்பிப் பந்தின் மேல் கவிகின்றது. ஆனால் பன்னிரண்டு முதல் இருபது வார வயதிற்குள் செய்தாலன்றி இதனால் பயனில்லை, முந்துமளவு நன்று. இடுப்பெலும்பை வெட்டிக் குழியைத் திருப்பிப் பொருத்தும் முறைக்கு இதைவிடச் சற்று நீண்ட காலம் உண்டு. எனினும் மூட்டு தேயத் தொடங்கிய பின் அதுவும் பொருந்தாது. அதன் பிறகு எஞ்சுபவை, தொடை எலும்பின் தலையை அகற்றுதலும், செயற்கை மூட்டு பொருத்துதலுமேயாம்.

எனவே, மூன்றாவது மாதத் தடுப்பூசிக்குக் குட்டி கொண்டுவரப்படும் நாளே அதன் நடையைக் கவனிக்க ஏற்ற நாள். பெருவகைக் குட்டியில் ஐயம் தோன்றின், 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்று கூறாமல் உடனே மேல் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். உள்ளூர் மருத்துவமனையில் அறுவை வசதி இல்லாவிடில், மண்ணுத்தியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, எல்லைப் பகுதியினர் திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியிலுள்ள கல்லூரிக்கோ மருத்துவரின் கடிதத்துடன் செல்லலாம். அறுவைக்கு இயலாத குடும்பமாயின் மனந்தளர வேண்டியதில்லை. முறையான பராமரிப்பினாலேயே பல நாய்கள் நல்வாழ்வு வாழ்கின்றன.

ஆகாரம்

இந்நோய் பரம்பரையாக வருவது. ஆயினும் அது எவ்வளவு வெளிப்படும் என்பதை உணவுக் கிண்ணம் பெரிதும் நிர்ணயிக்கின்றது. அமெரிக்காவில் 1987-இல் தொடங்கிய புகழ்பெற்ற பரிசோதனை ஒன்றில், 48 லாப்ரடார்க் குட்டிகள் உடன்பிறப்புகளாக இணை சேர்க்கப்பட்டன. ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு, மற்றது உண்டதைவிட நூற்றுக்கு 25 பங்கு குறைவாக அதே ஆகாரம் அளிக்கப்பட்டது. இரண்டாண்டு வயதில் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்தபோது, நிறைய உண்ட 24 நாய்களில் 16-க்கு இடுப்பு நோய் காணப்பட்டது. அளவாக உண்ட 24 நாய்களில் 7-க்கே காணப்பட்டது. அளவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றிற்கு 11.2 ஆண்டுகள். பரம்பரை ஒன்றாயிருந்தும் இவ்வளவு வேற்றுமை உண்டானது என்பதை வீட்டாருக்கு எடுத்துக் கூறலாம். கொழுகொழுவென்ற குட்டியே ஆரோக்கியமான குட்டி என்ற நம்பிக்கையை அகற்ற இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அளவை அறிய எளிய வழி: விலாவின் மேல் உள்ளங்கையை மெல்லத் தடவினால் எலும்புகள் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து நோக்கினால் இடை சற்றே ஒடுங்கியிருக்க வேண்டும். விலா தட்டுப்படவில்லையெனில் ஆகாரம் மிகை. எண்ணெயில் பொரித்த மீனும், தேங்காய் சேர்த்த குழம்பும், விருந்தினர் அன்போடு எறியும் பலகாரமும் கணக்கில் சேர்க்கப்படாமல் எடையைக் கூட்டுபவை. குட்டியை ஏதேனும் ஒரு நியாய விலைக் கடையின் தராசிலேனும் வாரம் ஒருமுறை நிறுக்கச் சொல்லும் ஊழியரை வீட்டார் முதலில் நகைப்பர். ஆயினும் சொல்லியே ஆக வேண்டும்.

கால்சியத்தைப் பற்றித் தனியே கூறுதல் தகும். ஏறத்தாழ ஆறு மாதத்திற்குட்பட்ட குட்டியின் குடல், மிகையான கால்சியத்தை வேண்டாமென்று தள்ளிவிடும் ஆற்றலற்றது. மிகுதியாக உட்சென்ற சுண்ணாம்பு எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கின்றது. கிரேட் டேன் குட்டிகளில் நடந்த ஆராய்ச்சிகளால் இது நிறுவப்பட்டுள்ளது. பெருவகைக் குட்டிகளுக்கென்று தயாரிக்கப்பட்ட முழு ஆகாரம் உண்ணும் குட்டிக்குக் கால்சியம் மருந்து வேண்டியதில்லை. சோறும் மத்தி மீனும் இறைச்சியும் கலந்து வீட்டிலேயே சமைத்துத் தருபவராயின் கால்சியம் சேர்க்க வேண்டியிருக்கும். அதன் அளவை மருத்துவரே கணக்கிட்டுத் தர வேண்டும்.

வீடும் நடையும்

நகரின் புதிய வீடுகளில் பளபளக்கும் ஓட்டுத் தரைகளே மிகுதி. மனிதர்க்கு அழகாகத் தோன்றும் இத்தரை, தளர்ந்த இடுப்புடைய குட்டிக்குப் பெரும் பகை. கால்கள் விரிந்து வழுக்கும் ஒவ்வொரு முறையும் பந்து குழியிலிருந்து நழுவுகின்றது. இதற்குக் கேரளத்திலேயே மலிவான பரிகாரம் உண்டு. குட்டி உண்ணும் இடம், படுக்கும் இடம், வாயிலுக்குச் செல்லும் பாதை ஆகியவற்றில் கயிற்றுப் பாய் விரித்துவிட்டால் போதும். பாய் நகராதபடி அதன் ஓரங்களைப் பொருத்த வேண்டும். நகங்களையும், விரலிடையே வளரும் மயிரையும் அவ்வப்போது வெட்டிவிட வேண்டும்.

நார்வே நாட்டில் நான்கு பெருவகை நாய்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பிறந்து மூன்று மாதத்திற்குள் தினந்தோறும் படியேறி இறங்கிய குட்டிகளுக்கு இந்நோய் அதிகமாக ஏற்பட்டதென்றும், மென்மையான சமனற்ற தரையில் கட்டின்றித் திரிந்தவற்றிற்குக் குறைவாக ஏற்பட்டதென்றும் தெரிவிக்கிறது. ஆகவே குட்டியைக் கூண்டில் அடைத்து வைத்தலும் சரியன்று. மாடிப்படியில் ஓடவிடுதலும் சரியன்று. புல்தரையுள்ள வீட்டு வளாகமே சிறந்தது.

வலி தோன்றிவிட்ட குட்டிக்கு விதி வேறு. குதித்தல், பந்தைத் துரத்துதல், பிற நாய்களுடன் மல்லுக்கு நிற்றல் ஆகியவற்றை நிறுத்திவிட்டு, கயிற்றில் பிடித்து, ஒரு முறைக்குப் பத்து நிமிடம் போல, நாளில் மூன்று நான்கு முறை மெல்ல நடத்த வேண்டும். தொடைத் தசை வலுவடைந்தால் அதுவே பந்தைக் குழியில் நிறுத்தும். நடந்த மறுநாள் நொண்டல் கூடினால், நேற்றைய நடை மிகை என்று அறியலாம். அலை நனைத்து இறுகிய கடற்கரை மணல் நடைக்கு ஏற்றது. கால் புதையும் உலர் மணல் ஏற்றதன்று. நீந்துதல் மூட்டிற்குச் சுமையின்றித் தசையை வளர்ப்பதால் சிறந்த பயிற்சியே. ஆயினும் மழைக்காலத்தில் தேங்கும் குளங்களிலும் வாய்க்கால்களிலும் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. அது நாய்க்கும் மனிதர்க்கும் பொதுவான நோய் என்பதால், அந்நீரில் இறக்கலாகாது.

மழைக்காலத்தின் ஈரத்தரை வலியைக் கூட்டக்கூடும். தரையிலிருந்து சற்றே உயர்ந்த பலகையின்மேல் கனத்த மெத்தையிட்டு உலர்வாக வைத்திருத்தல் நலம். படியேற நேர்ந்தால், துவர்த்து எனப்படும் மெல்லிய துண்டைப் பின்வயிற்றின் அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்துப் பின்பாகத்தின் சுமையைக் குறைக்கலாம்.

மருந்தில் ஒரே எச்சரிக்கை: வீட்டிலுள்ள மனித மருந்துகளைத் தரவே கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலிய மாத்திரைகள் நாயின் இரைப்பையில் புண் உண்டாக்குவதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்குரிய வலிமருந்துகள் வேறு. அவற்றையும் மருத்துவர் குறித்த அளவிலேயே அளிக்க வேண்டும்.

இனப்பெருக்கமும் குட்டி வாங்குதலும்

நோயுற்ற நாயைக் குட்டியீன விடலாகாது. அதற்காக மிக இளமையிலேயே கருத்தடை செய்துவிடுவதும் ஆலோசனைக்குரியது. கோல்டன் ரெட்ரீவர் வகையில் ஓராண்டிற்கு முன் கருத்தடை செய்யப்பட்ட ஆண் நாய்களிடம் இடுப்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டதாக 2013-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறிற்று. வளர்ச்சி முடியும் வரை துணை சேராதபடி காத்து, உரிய காலத்தை மருத்துவரிடம் கேட்டறிவது நன்று.

பெற்ற நாய்கள் இரண்டும் நன்றாக நடக்கின்றன என்பது போதிய சான்றன்று. வெளியே தெரியாத குறையுள்ள நாய்களும் நோயைக் கடத்தும். அவற்றின் இடுப்பு எக்ஸ்-கதிர்ப் படத்தைக் காட்டும்படி வாங்குபவர் கேட்கலாம். 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, நாய் வளர்த்து விற்போர் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. விற்பவர் படம் இல்லையென்று கூறின், குட்டியை வாங்கிய வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டி, மூன்று மாத வயது முதல் அதன் எடையையும் நடையையும் தடுப்பூசி அட்டையின் பின்புறத்திலேயே தேதியிட்டுக் குறித்து வரும்படி கள ஊழியர் வீட்டாரைப் பழக்க வேண்டும்.