ஊர்தியின் நாடி

கார் என்னும் சொல் திருநெல்வேலிச் சீமையிலே பல பொருள் தரும். கருமையும் கார், கருமுகிலும் கார், தென்மேற்குப் பருவ மழையால் பொருநையாறு பெருகும் நாளில் நட்டு, பிசானத்திற்கு முன்னே அறுத்துக்கொள்ளும் நெற்பயிரும் கார். இவற்றோடு ஆங்கிலச் சொல்லாகிய காரும் பின்னாளில் வந்து சேர்ந்தது. உழவன் தன் கார்ப்பயிரை நாள்தோறும் சென்று காண்கின்றான். வரப்பின்மேல் நின்று வயலில் நீர் எவ்வளவு நிற்கின்றது என்று நோக்குகின்றான். குறைந்திருப்பின், மடையைத் திறந்து நீரைப் பாய்ச்சுவதோடு அவன் அமைவதில்லை. மடை அடைபட்டதோ, நண்டு வளை வழியே நீர் ஒழுகிற்றோ என்று வரப்பைச் சுற்றிவந்து ஆராய்கின்றான். வீட்டு வாயிலில் நிற்கும் காரை அவ்வாறு சுற்றிவந்து பார்ப்பவர் எத்துணைப் பேர்?

மாட்டுவண்டி ஓட்டிய நம் முன்னோர் இவ்வகையில் நம்மினும் கருத்துடையவராய் இருந்தனர். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து வண்டி மை ஆக்கினர். வண்டி பூட்டுமுன் அச்சிலே அம்மையை இட்டனர். கடையாணி இறுகியுள்ளதா என்று தட்டிப் பார்த்தனர். பண்டை நாளில் உப்பு வணிகராகிய உமணர், வழியில் அச்சு முறியுமாயின் உதவும்பொருட்டு, மாற்று அச்சொன்றை வண்டியின் அடியிற் கட்டிச் சென்றனர் எனப் புறநானூறு கூறும். அதற்குச் சேம அச்சு என்பது பெயர். இக்காலத்தார் காரின் பின்புறத்தே வைத்துச் செல்லும் மாற்றுச் சக்கரத்தை ஸ்டெப்னி என்கின்றனரே, அஃது எந்நாட்டுச் சொல்? வேல்சு நாட்டின் லனெல்லி என்னும் நகரிலுள்ள ஒரு தெருவின் பெயர் அது. 1904ஆம் ஆண்டளவில் அத்தெருவில் இருந்தோர் செய்து விற்ற மாற்றுச் சக்கரத்தால் அப்பெயர் நம் ஊர்ப் பட்டறை வரை வந்துவிட்டது. நம்மிடம் சேம அச்சு இருந்தும் நாம் அதனை மறந்தோம்!

தென்னாட்டிலே மோட்டார் வண்டித் தொழிலுக்கு அடிகோலியவரும் இச்சீமையிற் பிறந்தவரே. நம்பி கோயிலால் விளங்கும் திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டு தோன்றிய டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1912இல் மதுரையிலே பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். அந்நாளில் சாலைகளில் மாட்டுவண்டிகளே மிகுதி. மாட்டின் குளம்பிலிருந்து கழன்று விழும் லாட ஆணிகள் சக்கரத்தைத் துளைத்து, வண்டியை நடுவழியில் நிறுத்திவிடும். அவ்வாணிகளைப் பொறுக்கியெடுக்கக் காந்தம் பொருத்திய வண்டியொன்றைச் சாலையில் ஓட்டச் செய்தார் என்பர். இடர் வந்தபின் வருந்தாது, அது வரும் வழியை நோக்கிய அறிவு அது.

நிற்க. காரின் உடலில் ஓடும் நீர்மங்கள் சில உள. அவையே அதன் நாடி. நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவன் நோயின் இடத்தை அறிவதுபோல, இந்நீர்மங்களின் அளவையும் நிறத்தையும் கண்டு எஞ்சினின் உள்நிலையை அறியலாம். பதினெட்டு ஆண்டு நிரம்பாத மாணவர் கார் ஓட்டுதல் ஆகாது. ஆயினும், வீட்டுப் பெரியோர் உடனிருக்க, போனட்டைத் திறந்து பார்த்தற்கு எச்சட்டமும் தடையன்று.

முதற்கண் எஞ்சின் எண்ணெயைக் காண்போம். எஞ்சினுள் இரும்பும் இரும்பும் உராயாவண்ணம் இடையே மெல்லிய படலமாய் நிற்பது இவ்வெண்ணெய். வெப்பத்தை வாங்கிச் செல்வதும், கரியையும் துகளையும் திரட்டிக்கொள்வதும் இதன் பிற தொழில்கள். அளவு பார்க்குங்கால் கார் சமதரையில் நிற்றல் வேண்டும். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடமேனும் கழிதல் வேண்டும். ஓடிய எண்ணெய் கீழ்த்தொட்டியில் வந்து வடிவதற்கு அவ்வளவு நேரம் ஆகும். பின்னர் அளவுக்கம்பியை உருவி, பழந்துணியால் துடைத்து, மீண்டும் முழுதும் செருகி எடுத்துப் பார்க்க. முதன்முறை உருவும்போது காணும் அளவை நம்பலாகாது. கம்பி முழுதும் எண்ணெய் பூசியிருக்கும். கம்பியின் நுனியில் இரு குறிகள் உண்டு. அவற்றினிடையே எண்ணெய் நிற்பது நன்று. கீழ்க்குறிக்குத் தாழ்ந்தால் கேடு என்பதை யாவரும் அறிவர். மேற்குறிக்கு மிஞ்சினாலும் கேடு என்பதைப் பலர் அறியார். மிகுந்த எண்ணெயைச் சுழலும் தண்டு தயிர் கடைவதுபோற் கடைந்து நுரையாக்கும். நுரையிலே காற்று மிகுதலின் இரும்புகளுக்கிடையே நிற்கவேண்டிய படலம் அறுபடும்.

ஓடிய எண்ணெய் கறுத்திருப்பது கண்டு அஞ்சற்க. அழுக்கைத் தன்மேல் வாங்கிக்கொண்டமையால் அது கறுத்தது. பால் கலந்த காப்பி நிறமாய் இருப்பின் அஞ்சுக. குளிர்விக்கும் நீர் எங்கோ கசிந்து எண்ணெயோடு கலந்துவிட்டது என்பதே அதன் பொருளாதல் கூடும். ஓட்டும்போது முகப்பில் எண்ணெய்க்குடம் போன்ற செவ்விளக்கு எரியுமாயின், அடுத்த ஊர் போய்ப் பார்ப்போம் என்று எண்ணலாகாது. அவ்விடத்தே எஞ்சினை நிறுத்துக. எண்ணெயின்றி ஓடும் எஞ்சின் சிறிது தொலைவிலேயே பாழாகும்.

அடுத்தது ரேடியேட்டரிலுள்ள நீர்மம். அதனைக் கூலண்ட் என்பர். பனிநாடுகளில் நீர் உறையாமைக்காகக் கிளைக்கால் என்னும் பொருளை நீரோடு கலப்பர். பாளையங்கோட்டை வெயிலில் எதுவும் உறையப்போவதில்லையே, நமக்கு அஃது ஏன் என்று வினவலாம். நல்ல வினாவே. அது கொதிநிலையை உயர்த்துகின்றது. அதனொடு சேர்த்த மருந்துகள் உள்ளே துருவேறாமல் காக்கின்றன. நாங்குநேரி, திசையன்விளை போன்ற பகுதிகளில் உவர்நீர்க் கிணறுகள் பல. வெந்நீர்ப் பானையின் அடியில் வெண்படிவு கட்டுவதை அங்குள்ள மாணவர் கண்டிருப்பர். அத்தகைய நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அதே படிவு நுண்குழாய்களை அடைத்துவிடும். பானையைப் புளியிட்டுத் தேய்க்கலாம்; ரேடியேட்டரை எங்ஙனம் தேய்ப்பது? பொருநை நீர் இனியதேயாயினும் ஆற்றுநீரிலும் உப்புகள் கரைந்துள்ளன. ஆதலின் காய்ச்சி வடித்த நீரோடு உரிய அளவு கூலண்ட் கலந்து ஊற்றுவதே முறை.

இங்கு ஒன்றை அழுத்திக் கூறுவேன். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவற்க. நீர் 100 பாகை வெப்பத்திற் கொதிக்கும் என்று படித்திருக்கின்றீர்கள். அஃது இயல்பான காற்றழுத்தத்தில். இறுக மூடிய ரேடியேட்டரினுள் அழுத்தம் இரு மடங்கானால் 120 பாகை அளவிற்கூட நீர் கொதியாமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் நீங்க, அந்நீரில் ஒரு பகுதி ஆவியாய்ச் சீறி, எஞ்சிய கொதிநீரைத் திறந்தவர் முகத்தில் வீசும். கண்ணிழக்கவும் இஃது ஏதுவாகும். எஞ்சின் நன்கு ஆறியபின், பக்கத்திலுள்ள வெண்தொட்டியின் புறத்தே வரைந்த இரு கோடுகளைக் கொண்டு அளவை அறிக. மூடியைத் தொடவும் வேண்டா. கூலண்ட் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. கீழே சிந்தியதை நாய் நக்கினும் மாயும். குழந்தைகள் எட்டாத இடத்தில் அதனை வைத்தல் வேண்டும்.

இனிக் கூறப்போவது உயிர்காக்கும் நீர்மம். பிரேக் எண்ணெய் என்பது அது. ஓரிடத்தில் அடைபட்ட நீர்மத்தின்மேல் செலுத்திய அழுத்தம் எப்பக்கமும் குறையாமற் பரவும் எனப் பதினேழாம் நூற்றாண்டிலே பிரெஞ்சு அறிஞர் பாசுகல் கண்டார். நாம் காலால் அழுத்தும் அழுத்தம் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று அவற்றைப் பிடித்து நிறுத்துவது இவ்வுண்மையாலேயே. நீர்மத்தை அழுத்திச் சுருக்க இயலாது. ஆவியையோ எளிதிற் சுருக்கலாம். இவ்வேறுபாட்டில்தான் ஆபத்து ஒளிந்திருக்கின்றது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 என்னும் வகை எண்ணெய் புதிதாயிருக்கும்போது 205 பாகைக்குக் குறைந்த வெப்பத்திற் கொதிப்பதில்லை. ஈரம் ஏறியபின்னரோ அவ்வெல்லை 140 பாகையாகத் தாழும். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் மலைச்சாலையை எண்ணிப் பாருங்கள். ஏறும்போது வருந்துவது எஞ்சின். இறங்கும்போது வருந்துவது பிரேக். வளைவுதோறும் மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரத் தட்டுகள் பழுக்கக் காயும். அவ்வெப்பம் பழைய எண்ணெயைக் கொதிக்கச் செய்து குழாயில் ஆவியை நிரப்பும். அந்நிலையில் காலால் மிதித்தால், ஆவி சுருங்குமேயன்றிச் சக்கரம் நில்லாது; மிதி வெறும் பஞ்சுபோல் உள்ளே செல்லும். இதனாலேயே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இவ்வெண்ணெயை மாற்றுக என்பர். எந்தக் கியரில் ஏறவேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்குக என்று மலையோட்டிகள் கூறுவதும் இதனாலேயே.

பிரேக் எண்ணெய்க் குப்பியில் அளவு மெல்ல மெல்லத் தாழ்ந்தால், பிரேக் கட்டைகள் தேய்ந்துவருகின்றன என்று அறிக. திடீரெனத் தாழ்ந்தால் எங்கோ ஒழுகுகின்றது. இவ்விடத்தில் மேலும் ஊற்றி நிரப்பிவிட்டு மனநிறைவு கொள்வது பேதைமை. நண்டு வளையைத் தேடாமல் மடையைத் திறந்துவிட்டவன் செயல் அது. அத்தகைய காரை ஓட்டிச் செல்லாது, பட்டறைக்காரரை வீட்டுக்கே அழைத்தல் நலம்.

நீர்மம் சுருங்காது என்னும் இவ்வியல்பு வேறொரு வகையிலும் நம் சீமையைத் தாக்கியது. 2023ஆம் ஆண்டு திசம்பர் 17, 18 ஆகிய நாட்களிற் பெய்த பெருமழையில் பொருநை கரைபுரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் வெள்ளம் தெருக்களிற் புகுந்து கார்களை மூழ்குவித்தது. அவ்வாறு மூழ்கிய காரை, நீர் வடிந்தவுடன் சாவியைத் திருப்பி ஓட்டிப் பார்த்தல் பெரும்பிழையாகும். பிஸ்டன் காற்றை அழுத்துமாறு அமைந்தது. உருளையினுள் நீர் நிற்குமாயின் அது சுருங்க மறுக்கும். பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும். முன்னே கூறிய அளவுக்கம்பியை உருவிப் பாருங்கள். பால்நிறம் தோன்றினும், எண்ணெய் மேற்குறிக்கு மேல் ஏறியிருப்பினும் உள்ளே நீர் புகுந்துள்ளது. தோன்றாவிடினும், பட்டறையார் சோதிக்கும்வரை சாவியைத் தொடாதிருப்பதே தக்கது.

பாட்டரியைப் பற்றிச் சில சொற்கள். இன்று முற்றும் மூடிய பாட்டரிகளே மிகுதி. அவற்றில் நீர் ஊற்ற வேண்டுவதில்லை. மூடி திறக்கத்தக்க பழைய வகையாயின், சித்திரை வெயிலில் நீர் விரைந்து குறையும். உள்ளிருக்கும் தகடுகள் வெளியே தெரியலாகாது. காய்ச்சி வடித்த நீர் ஒன்றையே விடுக, அமிலம் சேர்க்கற்க, தீக்குச்சி கொளுத்திக் குனிந்து பார்க்கற்க. அங்கே தோன்றும் ஐடிரசன் வளி தீப்பற்றி வெடிக்கும். கண்ணாடி கழுவும் நீர் தீர்ந்தால் பெருந்தீங்கில்லை எனினும், மாலையில் வயலோரச் சாலையிற் செல்வோர் பூச்சிகள் மோதிய கண்ணாடியின் வழியே எதிர்வரும் விளக்கைக் கண்டு திகைப்பர். அதனையும் நிரப்பி வைக்க.

எண்ணெயும் பெட்ரோலும் வேண்டாத மின்கார்கள் இப்போது பெருகி வருகின்றன. பொருநை கடலொடு கலக்கும் தூத்துக்குடி மாவட்டத்திலேயே வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் நிறுவனத்தின் மின்கார்த் தொழிற்சாலை 2025 ஆகஸ்டு 4ஆம் நாள் திறக்கப்பெற்றது. மின்காரில் எஞ்சின் இல்லை; ஆதலின் எண்ணெய் பார்க்கும் அளவுக்கம்பியும் இல்லை. செம்மஞ்சள் உறையிட்ட கம்பிகளில் உயர்மின்னழுத்தம் பாய்தலின் அவற்றைத் தொடலாகாது. ஆயினும் அதற்கும் பிரேக் உண்டு. பிரேக் எண்ணெய்க் குப்பியும் உண்டு. மின்கலத் தொகுதி வெயிலிற் சூடேறாவண்ணம் காக்கும் கூலண்டும் பெரும்பாலானவற்றில் உண்டு. அத்தொட்டியின் புறத்தேயும், பார்ப்பார் பார்க்கும்பொருட்டு, இரு கோடுகளே வரையப்பட்டுள்ளன.